ரீலோடிங் மேசையில் இரும்புப் பெட்டகம் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அமெரிக்காவில் துப்பாக்கி சுடும் பழக்கம் உள்ளவர்கள் வீட்டிலேயே தோட்டாக்களை மறுபடி நிரப்பிக்கொள்ளும் 'ரீலோடிங்' பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். தமிழில் அதிகம் எழுதப்படாத விஷயம் என்பதால் வரவேற்கிறேன். ஆனால் அதில் ஒரு வரி திருத்தப்படாமல் போனால் யாருக்காவது கை போகும். "வெடிமருந்தைக் கனமான இரும்புப் பெட்டகத்தில் வைத்துப் பூட்ட வேண்டும்" என்கிறது கட்டுரை. செய்யவே கூடாத காரியம் அது.

காரணம் சிவகாசிக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வெடிக்காத பட்டாசைப் பிரித்து மருந்தைக் காகிதத்தில் கொட்டிப் பற்றவைத்தால் 'புஸ்' என்று எரிந்து அடங்கும். அதே மருந்து இறுக்கிச் சுற்றிய காகிதத்துக்குள் இருந்தால் 'டமார்'. ரீலோடிங்கில் பயன்படும் புகையில்லா மருந்து வேறு வகை என்றாலும் இந்தத் தத்துவம் ஒன்றுதான். திறந்த இடத்தில் அது வேகமாக எரியும். வாயுவும் அழுத்தமும் வெளியேற வழியில்லாத இடத்தில் வெடிக்கும். தடித்த இரும்புப் பெட்டகத்தில் வைப்பது, வீட்டுக்குள் நாமே ஒரு பெரிய பட்டாசைச் சுற்றி வைப்பதற்குச் சமம். ரப்பர் விளிம்புடன் இறுக மூடும் ராணுவத் தகரப்பெட்டிக்கும் இதே கதைதான். நிரப்பி முடித்த தோட்டாக்களை அதில் வைக்கலாம். தனி மருந்தை வைக்கக் கூடாது.

மருந்து விற்கப்படும் பிளாஸ்டிக் டப்பா வேண்டுமென்றே லேசாகச் செய்யப்படுகிறது. தீ பட்டால் சீக்கிரம் பிளந்து அழுத்தத்தை விட்டுவிட வேண்டும் என்பதற்காக. அந்த டப்பாவிலேயே இருக்கட்டும். பிள்ளைகள் உள்ள வீட்டில் பூட்டு அவசியம்தான். அதற்கு மர அலமாரி போதும். அமெரிக்கத் தீத்தடுப்பு விதியான என்.எஃப்.பி.ஏ. 495, குடியிருப்புகளில் 20 பவுண்டு வரை புகையில்லா மருந்தை அதன் மூல டப்பாவில் வைக்க அனுமதிக்கிறது. அதற்கு மேல் 50 பவுண்டு வரை என்றால் ஓர் அங்குலக் கனமுள்ள மரப்பெட்டி வேண்டும். தோட்டாவின் அடியில் தீப்பொறி தரும் சிறு கிண்ணமான பிரைமர் 10,000 வரை. ஊருக்கு ஊர் உள்ளூர் விதி இதைவிடக் கடுமையாக இருக்கலாம். அடுக்குமாடி வாடகை ஒப்பந்தமும் வீட்டுக் காப்பீடும் என்ன சொல்கின்றன என்று பார்த்துவிட்டு மருந்து வாங்குவது நல்லது.

அலமாரி கராஜில் இருந்தால் வாட்டர் ஹீட்டரின் பைலட் சுடரிலிருந்து தள்ளி இருக்க வேண்டும். டெக்சாஸ் கோடையில் கராஜ் அடுப்பாகக் கொதிக்கும். வெப்பத்தில் மருந்து கெடும். மூடியைத் திறந்ததும் புளித்த அமில நெடி வந்தாலோ, செம்பழுப்புத் தூசி தெரிந்தாலோ அந்த டப்பா முடிந்தது. அதைப் பயன்படுத்த வேண்டாம். இன்னொன்று: இந்த மருந்து எரியத் தேவையான ஆக்ஸிஜன் அதற்குள்ளேயே இருக்கிறது. சாக்கைப் போட்டு மூடி அணைக்கலாம் என்று நினைக்காதீர்கள். பற்றிக்கொண்டால் எல்லாரையும் வெளியே கூட்டிக்கொண்டு போய் 911-ஐ அழைப்பது ஒன்றுதான் வழி.

கட்டுரையில் இன்னொரு குழப்பம். குண்டு, தோட்டா, ரவை மூன்றையும் ஒரே பொருளில் மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறார்கள். சுடும்போது பறந்து போவது குண்டு. பித்தளை உறை, அதன் அடியில் தீப்பொறி தரும் பிரைமர், உள்ளே மருந்து, வாயில் குண்டு, இந்த நான்கும் சேர்ந்த முழுப் பொருள் தோட்டா. ரவை என்பது ஷாட்கன்னில் போகும் சிறு மணிகள். சுட்ட பிறகு மிஞ்சுவது காலி உறை. விலையில் பெரும்பங்கு அந்தப் பித்தளைக்குத்தான். அதைத் திரும்பப் பயன்படுத்துவதே ரீலோடிங்.

இனி மேசை. கட்டுரையாளர் இயந்திரத்துக்கு முக்கால் பக்கமும் மேசைக்கு ஒரு வரியும் கொடுத்திருக்கிறார். நான் தலைகீழாகக் கொடுத்திருப்பேன். ஆடாத மேசை இல்லாமல், கைப்பிடியால் அழுத்தித் தோட்டா நிரப்பும் அந்த இயந்திரம், அதாவது பிரெஸ், எந்த விலையில் இருந்தாலும் உதவாது. நின்று வேலை செய்பவருக்கு 36 முதல் 42 அங்குல உயரம். உட்கார்ந்து செய்பவருக்கு 30 அங்குலம் சுமாராகச் சரிவரும். 2 அடி ஆழம், 5 அடி நீளம் தாராளம். கால்களுக்கு நாலுக்கு நாலு மரம். மேல்பலகைக்கு முக்கால் அங்குல பிளைவுட் இரண்டை ஒட்டித் திருகினால் ஒன்றரை அங்குலக் கனம் கிடைக்கும். முன் விளிம்பு சட்டத்தைத் தாண்டி மூன்று நான்கு அங்குலம் நீண்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் பிரெஸ்ஸின் போல்ட்டுக்கு அடியிலிருந்து நட்டு மாட்ட இடமிருக்காது. காலி பிரைமர் விழும் குழாயும் சட்டத்தில் இடிக்கும்.

பிரெஸ்ஸை மேசையின் நடுவில் வைப்பது பலர் செய்யும் தவறு. நடுப்பலகை வில்லாக வளையும். ஒரு காலுக்கு நேர் மேலே, அல்லது அதை ஒட்டி வையுங்கள். மரத்திருகு ஆறு மாதத்தில் இளகிவிடும். பலகையை ஊடுருவும் போல்ட், அடியில் அகல வாஷர் அல்லது இரும்புப் பட்டை, லாக் நட்டு. சுட்டு விரிந்த ரைஃபிள் உறையைப் பழைய அளவுக்குக் கொண்டுவரும் அச்சான டையில் ஏற்றும்போது கைப்பிடியைக் கிட்டத்தட்ட உடல் எடையோடு அழுத்த வேண்டிவரும். அப்போது மேசை முன்பக்கம் குடைசாயப் பார்க்கும். அதனால் மேசையின் பின் சட்டத்தைச் சுவருக்குள் நிற்கும் மரத்தூண்களான ஸ்டட்டுகளில் திருகிவிட வேண்டும். அமெரிக்க வீடுகளில் பொதுவாக 16 அங்குலத்துக்கு ஒன்று இருக்கும். வாடகை வீட்டில் சுவரைத் தொட முடியாதவர்கள் கீழ்த்தட்டில் குண்டுப் பெட்டிகளை அடுக்கிக்கொள்ளலாம். 168 கிரெயின் குண்டு ஆயிரம் சேர்ந்தாலே 24 பவுண்டு.

குண்டையும் மருந்தையும் நிறுக்கும் அளவான கிரெயின் என்றதும் நம்மவர்கள் விழிக்கிறார்கள். 7,000 கிரெயின் ஒரு பவுண்டு. ஒரு கிராமுக்கு 15.43 கிரெயின். பொற்கொல்லர் தராசில் வைக்கும் ஒரு குன்றிமணி ஏறக்குறைய இரண்டு கிரெயின் தேறும். பல பிஸ்டல் தோட்டாக்களில் தொடக்க அளவுக்கும் உச்ச அளவுக்கும் இடையே அரைக் குன்றிமணி வித்தியாசம்கூட இருக்காது. இந்த ஒன்றை மனதில் வாங்கிக்கொண்டால் மேசையில் மற்ற எல்லாம் ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறது என்பது விளங்கிவிடும்.

தராசு ஏ.சி. காற்று நேரே படாத இடத்தில், பிரெஸ்ஸின் அதிர்வு எட்டாத தனித் தட்டில் இருக்க வேண்டும். மின்னணுத் தராசை அரைமணி முன்பே போட்டுவைத்து, தெரிந்த எடைக்கல்லை வைத்துச் சரிபார்த்த பிறகுதான் வேலை தொடங்க வேண்டும். கைப்பேசி பக்கத்தில் இருந்தால் சிலவற்றில் எண் தானாக நகரும். இந்தத் தராசுகளுக்கு ஒரு குணம் உண்டு: மருந்தை மணி மணியாக மெல்லச் சொட்டினால், ஏறுகிற எடையைக் கவனிக்காமல் பழைய எண்ணிலேயே நிற்கும். சந்தேகம் வந்தால் தட்டைத் தூக்கித் திரும்ப வையுங்கள். கைத்தராசு மெதுவானது, ஆனால் அதற்கு பேட்டரியும் இல்லை, மனநிலையும் இல்லை.

மேசையின் மேல் ஒரு நேரத்தில் ஒரே ஒரு மருந்து டப்பா. கட்டுரையோடு வந்த படத்தில் நான்கு டப்பாக்கள் திறந்து கிடந்தன, பார்க்கவே பதறியது. 4350 என்ற எண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஹாட்ஜ்டன், ஐ.எம்.ஆர்., அக்யூரேட் என்ற மூன்று வணிகப் பெயரிலும் 4350 என்ற மருந்து இருக்கிறது. மூன்றும் வேறு வேறு மருந்து. ஒன்றுக்கான அட்டவணை மற்றொன்றுக்குப் பொருந்தாது. வேலை முடிந்ததும் அளவைக் கருவியின் குடுவையில் மிஞ்சியதை டப்பாவிலேயே திருப்பிக் கொட்டிவிட வேண்டும். குடுவையில் விட்டுவைத்தால் மறுநாள் அது எந்த மருந்து என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. சில மருந்துகள் பிளாஸ்டிக்கையே அரித்து மங்கலாக்கிவிடும். எது என்று தெரியாத மருந்தை ஊகித்துப் பயன்படுத்தவே கூடாது. மண்ணெண்ணெய் பாட்டிலில் குடிதண்ணீர் ஊற்றி வைக்காத ஜாக்கிரதைதான் இதுவும்.

எவ்வளவு மருந்து என்பதை நான் இங்கே எழுதப்போவதில்லை. நாளிதழில் அச்சாக வேண்டிய எண்ணும் அல்ல. மருந்து நிறுவனமும் குண்டு நிறுவனமும் வெளியிடும் அட்டவணையில் தொடக்க அளவு இருக்கும்; அங்கிருந்து தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்ற வேண்டும். நண்பர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய அளவு என்பது நண்பரின் துப்பாக்கிக்கே சரியா என்பது சந்தேகம்.

இனி எல்லாவற்றிலும் பெரிய அபாயம். ரிவால்வர் தோட்டாவான .38 ஸ்பெஷல், 1898-இல் பழைய காலத்துக் கரும்மருந்துக்காக வடிவமைத்த உறை. கரும்மருந்து இடத்தை அடைக்கும் சரக்கு. இன்றைய மருந்தோ அந்த உறையின் அடியில் ஒரு சிட்டிகையாகக் கிடக்கும். அதன் மேல் இன்னொரு சிட்டிகை விழுந்தாலும் வழியாது, வெளியே தெரியாது. குண்டை வைத்து மூடிவிட்டால் அவ்வளவுதான். இரட்டை மருந்து ரிவால்வரின் சிலிண்டரைப் பிளக்கும். எதிர்ப்பக்கமும் உண்டு: மருந்தே விழாமல் போனால் பிரைமர் மட்டும் குண்டைக் குழலுக்குள் பாதி தூரம் தள்ளி நிறுத்திவிடும். 'டப்' என்று சோகையாக ஒரு சத்தம் கேட்கும். அடுத்ததைச் சுட்டால் குழல் புடைக்கும் அல்லது கிழியும். சத்தம் மாறினால் நிறுத்துங்கள். துப்பாக்கியைக் காலி செய்து, குழலில் ஒரு குச்சி விட்டுப் பாருங்கள்.

இதைத் தடுக்க இயந்திரம் எதுவும் வேண்டாம். 50 துளையுள்ள இரண்டு மரக்கட்டைகள் போதும். இடது கட்டையில் உறைகள் வாய் கீழாகக் கவிழ்ந்து நிற்கும். ஒன்றை எடு, நிமிர்த்து, மருந்து இடு, வலது கட்டையில் வாய் மேலாக வை. கவிழ்ந்தது காலி, நிமிர்ந்தது நிரம்பியது. இதில் விதிவிலக்கே கிடையாது. கவிழ்த்து வைப்பதற்கும் பொருள் உண்டு: ஏற்கெனவே மருந்து விழுந்த உறையைத் தவறி இடது கட்டையில் வைக்கப்போனால் அது மேசையில் கொட்டிக் காட்டிக்கொடுத்துவிடும். ஐம்பதும் முடிந்ததும், ஒரு குண்டைக்கூட வைக்கும் முன், கட்டையைச் சாய்த்து விளக்கை ஒவ்வொரு வாயிலும் அடித்துப் பார்க்க வேண்டும். மருந்தின் மட்டம் வரிசையாக ஒன்றுபோல் தெரியும். ஒன்று ஆழத்தில் இருட்டாகவோ, ஒன்று மேலே எழும்பியோ இருந்தால் கண் தானாகவே அங்கே போய் நிற்கும். இதற்காகத்தான் மேசைக்கு மேலே வளையும் கழுத்துள்ள எல்.இ.டி. விளக்கு வேண்டும் என்பது, அலங்காரத்துக்கு அல்ல. நடுவில் அழைப்பு மணி அடித்தால், கையிலிருக்கும் உறையின் மருந்தைத் திரும்பக் கொட்டிவிட்டு எழுந்து போங்கள்.

ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு தோட்டா விழும் புரோகிரசிவ் இயந்திரத்தைப் புதியவருக்குப் பரிந்துரைத்திருக்கிறது கட்டுரை. எனக்கு உடன்பாடில்லை. நான்கைந்து வேலைகள் ஒரே நேரத்தில் நடக்கும் இயந்திரத்தில், எதில் தவறு நடந்தது என்று புதியவருக்குப் பிடிபடாது. முதல் ஆண்டு, ஓர் இழுப்புக்கு ஒரே வேலை செய்யும் ஒற்றை நிலை பிரெஸ் போதும். ஆர்.சி.பி.எஸ்., லீ, ஹார்னடி எதுவானாலும் பரவாயில்லை. பெரும்பாலான டைகளின் மரை 7/8-14 (7/8 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 14 சுற்று) என்ற ஒரே அளவு என்பதால் ஒருவர் டை இன்னொருவர் பிரெஸ்ஸில் ஏறும். கார்பைடு என்ற கடின உலோக வளையமுள்ள டை வாங்கினால் நேர்ச்சுவர் பிஸ்டல் உறைக்கு எண்ணெய் தேவையில்லை. கழுத்துள்ள ரைஃபிள் உறைக்குக் கட்டாயம் வேண்டும். மறந்தால் உறை டைக்குள் அடைத்துக்கொள்ளும். பலங்கொண்டு இழுத்தால் விளிம்பு பிய்ந்து கையோடு வரும், உறை உள்ளேயே நிற்கும். எண்ணெயை அளவுக்கு மீறித் தடவினாலும் உறையின் கழுத்துக்குக் கீழே உள்ள தோளில் குழி விழும். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் லேசாக உருட்டும் அளவு போதும்.

சுடச் சுட பித்தளை நீளும். .308 வின்செஸ்டர் உறை 2.015 அங்குலத்தைத் தாண்டக் கூடாது, தாண்டினால் 2.005-க்கு வெட்ட வேண்டும். நீண்டுபோன வாய், துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறையின் முனையில் முட்டிக் குண்டை நெரித்துப் பிடிக்கும், அழுத்தம் எகிறும். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கைக் காட்டும் காலிப்பர் இல்லாமல் ரைஃபிள் பக்கம் போகவே வேண்டாம். பலமுறை சுட்ட உறையின் அடிப்பகுதிக்குச் சற்று மேலே பளிச்சென்று ஒரு வளையம் தெரிந்தால் அங்கே உள்சுவர் மெலிந்துவிட்டது என்று பொருள். பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி முனையைக் கொக்கியாக வளைத்து உள்ளே தடவினால் பள்ளம் தட்டுப்படும். அதைக் கிடுக்கியால் நசுக்கிவிட்டுப் பழைய பித்தளைக்குப் போடுங்கள். நசுக்காவிட்டால் மறந்துபோய் மறுபடி கட்டைக்கு வந்துவிடும்.

சுடுதளத்தில் பொறுக்கிய உறைகளில் உள்ளே ஒரு துளைக்குப் பதில் இரு சிறு துளைகள் இருந்தால் அது பெர்டன் வகை. பழைய பிரைமரைத் தள்ளி எடுக்கும் வழக்கமான டையின் ஊசி அதில் உடையும். பெர்டன் அமெரிக்கர், அவருடைய முறை ஐரோப்பாவில் நிலைத்தது. பாக்ஸர் ஆங்கிலேயர், அவருடையது அமெரிக்காவில். மாமியார் வீடும் பிறந்த வீடும் மாறிய கதை! .45 ஏ.சி.பி. என்ற பிஸ்டல் உறையில் பெரிய பிரைமர், சிறிய பிரைமர் இரண்டும் கலந்து வரும்; பிரித்து வைக்காவிட்டால் சிறிய குழிக்குள் பெரியதைத் திணிக்கப் பார்ப்பீர்கள்.

பிரைமர்தான் மேசையில் உண்மையாகவே வெடிக்கும் பொருள். மருந்தைப் போல எரியாது, அடிபட்டால் வெடிக்கும். ஒன்று வெடித்தால் பக்கத்திலிருப்பதையும் வெடிக்க வைக்கும். அட்டைப்பெட்டியில் ஒவ்வொன்றும் தள்ளித் தள்ளித் தனி இருக்கையில் உட்கார்ந்திருப்பது அதனால்தான். அழகாக இருக்கிறதென்று கண்ணாடிக் குப்பியில் மொத்தமாகக் கொட்டி வைக்கக் கூடாது. பாதுகாப்பு மூக்குக்கண்ணாடி அணியாமல் பிரைமர் வேலை வேண்டாம். உறையின் அடிமட்டத்தைவிட ஒரு மயிரிழை உள்ளே தள்ளிப் பிரைமர் உட்கார வேண்டும். விரலால் தடவினால் துருத்தக் கூடாது. எம்-1 கேரண்ட் ராணுவ ரைஃபிள் போல, பிரைமரைக் குத்தும் ஊசி தளர்வாக ஆடும் துப்பாக்கிகளில் துருத்திய பிரைமர், விசையைத் தொடாமலே சுட்டுவிடக் காரணமாகும். நிரப்பி முடித்த தோட்டாவில் துருத்தல் தெரிந்தால் பிரெஸ்ஸில் வைத்து மறுபடி அழுத்தாதீர்கள். பிரித்துவிடுங்கள்.

தரைக்கு கார்பெட் வேண்டாம். சிந்திய மருந்தும் உருண்ட பிரைமரும் இழைக்குள் ஒளிந்துகொள்ளும். வேக்குவம் கிளீனர் வைத்தால் அதன் மோட்டார்ப் பொறியில் பற்றும். துடைப்பமும் முறமும் போதும்.

பிரைமர் கரியில் ஈயம் இருக்கிறது. உறைகளை அதிர்வு இயந்திரத்தில் உலர்ந்த தவிட்டோடு போட்டு மெருகேற்றும்போது எழும் தூசிதான் பெரிய வில்லன். அதைச் சலிப்பது வீட்டுக்கு வெளியே, முகக்கவசத்தோடு. தண்ணீரில் மெருகேற்றினால் இன்னும் நல்லது. மேசையில் காபி டம்ளர், முறுக்கு எதுவும் கூடாது. கையைக் குளிர்ந்த நீரில் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே பிள்ளையைத் தூக்குங்கள். குழந்தைகளின் ரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம் ஈயம் இருந்தாலே கவனிக்க வேண்டும் என்று அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் 2021-இல் வரம்பைக் குறைத்திருக்கிறது. சாப்பாட்டு மேசையில் ரீலோடிங் செய்பவர்கள் இதை இருமுறை படிக்கட்டும்.

செலவு மிச்சமா என்றால், 9 மி.மீ.க்குப் பெரிதாக இல்லை. அபூர்வ ரைஃபிள் அளவுகளுக்கு உண்டு. 2020-க்குப் பிந்தைய தட்டுப்பாட்டில் ஆயிரம் பிரைமர் 100 டாலரைத் தாண்டியதும் நடந்தது. இணையத்தில் மருந்து வாங்கினால் அபாயப் பொருள் கட்டணம் தனி.

கடைசியாகச் சட்டம். அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்கு நிரப்பக் கூட்டரசு உரிமம் தேவையில்லை, விற்றால் தேவை. இந்தியாவில் அப்படியில்லை. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது கடுங்குற்றம். தோட்டாவின் பாகங்களும் அதைச் செய்யும் இயந்திரமும் கூட 'தோட்டா' என்ற வரையறைக்குள் வருகின்றன. கட்டுரையைப் படித்துவிட்டுத் தமிழ்நாட்டில் யாரும் பிரெஸ் வரவழைக்க வேண்டாம்.

அமெரிக்காவிலிருந்து ஊருக்கு வருபவர்களுக்கும் இது பொருந்தும். சுடுதளத்துக்குக் கொண்டுபோன பையையே விமானப் பையாக எடுத்து வந்து, ஓர ஜிப்பில் மறந்த ஒரே ஒரு தோட்டாவால் இந்திய விமான நிலையங்களில் வழக்கில் மாட்டியவர்கள் இருக்கிறார்கள். ரேஞ்ச் பையை வேறு நிறத்தில் வாங்கி, கராஜை விட்டு வீட்டுக்குள்ளேயே வராமல் வைத்துக்கொள்ளுங்கள். பெட்டி கட்டும் முன் பையைத் தலைகீழாகக் கவிழ்த்து, தையல் கிழிந்து அடித்துணிக்குள் எதுவும் நழுவியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
டெக்சாஸ்